லிதாரா தட்டிய வசவு

லிதாராவின் பெயரைச் சினபாதி முதன்முதலில் கேட்டது கப்பலில், அதுவும் ஒரு வசவின் நடுவில். உப்போலுத் தீவிலிருந்து சவாயித் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்துகொண்டிருந்தாள். மடியில் பாய்ச் சுருள், காலடியில் ஒரு பெட்டி டின் மீன். எதிரே உட்கார்ந்திருந்த பஸ்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த வீட்டுக்கும்மா போறே?"

"யாகோபோ வீட்டுக்கு."

"எந்த யாகோபோ? கோயிலுக்குப் பின்னால இருக்கானே, லிதாரா தம்பி, அவனா?"

"ஒரு அக்கா இருக்காங்கன்னு சொன்னாங்க. பேரு தெரியாது."

"அக்காவா அது? நாசமாப் போறவ. வயித்துப்புள்ளக்காரி ஒருத்தியை இடமில்லேன்னு ஏத்தாம வந்துட்டேன். அடுத்த நாள் பாதையில நின்னு, தேங்காயை எடுத்து என் பஸ் கண்ணாடிய உடைச்சுட்டா. நீ போ. உன் நல்ல நேரம்."

கப்பல் கரை சேரும்வரை சினபாதி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்த மருமகள் என்றால் வீட்டில் எல்லாருக்கும் கீழே. தம்பியின் வீட்டில் அக்காள் இருந்தால் அவள் சொல்தான் முதல் சொல். அந்த அக்காள் கண்ணாடியை உடைக்கிறவளாக வேறு இருந்தால்?

ஆனால் வந்து பார்த்தபோது, லிதாராவின் கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. தனக்குக் கீழே இருப்பவர்கள்மேல் அது விழுந்ததே இல்லை. சினபாதி முதல் நாள் சேப்பங்கிழங்கைக் கரிய விட்டபோது, கரிந்ததைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க ஊர்ல கிழங்கே கிடையாதாடி?" என்றதோடு விட்டுவிட்டாள்.

அந்தக் குடும்பத்தின் கொடிவழியையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத் தலைமைப் பட்டம் தாங்கிய பட்டத்துக்காரராக இருந்தவர் லிதாராவின் அப்பா. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் லிதாரா. கட்டியவன் டின் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று அமெரிக்கர் ஆளும் பக்கத்துத் தீவுக்குப் போய், அங்கேயே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். இவள் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அடுத்தவள் மெரிபா, ஆக்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை. கடைசி யாகோபோ, தோட்டமும் மீனுமாக அப்பாவோடு இருந்தவன். அப்பாவுக்கு ஓர் அண்ணன் உண்டு, ஃபௌலா. கண் மங்கிப்போன மனிதர், ஆனால் குடும்பத்தில் அவர் இருமினால்கூட எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தம்பி இருந்து செத்துப்போனார். அவருடைய மகன்தான் பனாபா. தலைநகர் ஆப்பியாவில் கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை. வெள்ளைச் சட்டை போடுவான், கையில் எப்போதும் இரண்டு போன்.

கோயில் கூடத்தில் இருந்த கணினியை ஆக்லாந்துச் சபையார் அனுப்பியிருந்தார்கள். உப்புக் காற்று அதன் வயிற்றுக்குள் இருந்த வன்தட்டைத் தின்றுவிட்டது. அப்போது பனாபாதான் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்து அதில் செருகினான். கணினியை இயக்கும் லினக்ஸ் என்று ஒன்று, முழுசாக அந்தக் குச்சிக்குள்ளேயே இருந்தது. செருகிவிட்டு மின்சாரம் கொடுத்தால் கணினி உயிர் பெற்று எழும். அணைத்தால் அன்று நடந்ததையெல்லாம் மறந்துவிடும். கடிதம், பாட்டு என்று எழுதியதை வேறொரு குச்சியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு அது பெரிய உபகாரம், அதை மறுப்பதற்கில்லை.

கொடுத்த அன்று ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு பனாபா ஒன்று சொன்னான். எழும்போது ஒரு முகப்பு வரும், அதில் கீழே பெரிய பொத்தான் இருக்கும், அதை மட்டும் அமுக்குங்கள். அதற்கு மேலே நிர்வாகி கடவுச்சொல் என்று ஒரு காலிக் கட்டம் வரும்.

"அது பட்டத்துக்காரர் சாயுற தூண் மாதிரி," என்றான். "கூட்ட வீட்ல தூண் காலியா இருந்தா நீங்க போய்ச் சாஞ்சுக்குவீங்களா? அதை யாருக்குக் குடுத்தாங்களோ அவன்தான் உட்காரணும். அந்தப் பொறுப்ப என்கிட்ட குடுத்திருக்காங்க."

யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தூண் என்று சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது? கூட்ட வீட்டில் ஒவ்வொரு தூணும் ஒரு பட்டத்துக்கு உரியது, எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூடக் காலித் தூணில் சாயாது.

அதன் பிறகு அந்தக் கணினியில் புதிதாக எதைப் போட வேண்டுமென்றாலும் அது கடவுச்சொல் கேட்டது. தட்டியதையெல்லாம் தப்பு என்றது. பனாபாவுக்குப் போன் போட வேண்டும். "மேலிடத்துல கேட்டுத்தான் குடுக்கணும்" என்பான். போதகரின் அச்சு இயந்திரம் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. சினபாதியின் மூத்த மகள் பிரிஸ்பேனில் பிள்ளை பெற்றிருந்தாள். முகம் பார்த்துப் பேசும் மென்பொருளைப் போட்டுத் தரச் சொல்லி, வருஷக்கணக்காக அவள் பனாபாவிடம் கெஞ்சினாள். கூடத்தைப் பெருக்குவதும் அந்தக் கணினியைத் துடைப்பதும் அவள்தான், ஆனால் பேரனை அவள் பார்த்தது ஒரே ஒரு புகைப்படத்தில். பனாபா ஊருக்கு வரும்போதெல்லாம் பெரிய மீன் அவன் தட்டுக்குத்தான் போயிற்று.

அப்பா இறந்தார். பட்டம் காலியானது.

யாகோபோவுக்கா, பனாபாவுக்கா என்பதுதான் பேச்சு. குடும்பம் கூடிச் சம்மதிக்க வேண்டும், அதில் பெண்மக்கள் இருவரின் வார்த்தைக்கும் கனம் உண்டு. லிதாரா தம்பி பக்கம், அது ஊருக்கே தெரியும். பனாபா ஒரு காரியம் செய்தான். மெரிபா தன் பக்கம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "அக்கா என்கிட்ட அழுது சொன்னாங்க, யாகோபோவுக்கு விவரம் பத்தாதுன்னு."

லிதாரா ஆக்லாந்துக்குப் போன் போட்டாள். மெரிபா மறுமுனையில் கத்தியது சமையற்கட்டில் நின்ற சினபாதிக்கே கேட்டது. "நானா? அவன்கிட்டயா? அவன் குரலைக் கேட்டே ரெண்டு கிறிஸ்துமஸ் ஆச்சு."

வந்து சொல்லிவிட்டுப் போகலாமென்றால் அவளுடைய குடியேற்றக் காகிதங்கள் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். போனில் பேசட்டும் என்றாள் லிதாரா. ஃபௌலா ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஊரில் ஒரு பட்டத் தகராறில், ஒருத்தி தன் அக்காள் குரலில் போனில் பேசி எல்லாரையும் ஏமாற்றியிருந்தாள்.

"குரல் யாருக்கும் வரும்," என்றார் ஃபௌலா. "முகத்தைக் காட்டச் சொல்லு. உங்க மினுக்குப் பெட்டியில முகம் வருமாமே. கண்ணு மங்குனாலும் தம்பி மக முகத்தை எனக்குத் தெரியும். முகம் வந்தா, அவ இங்க உக்காந்த மாதிரி."

அப்போது ஊரில் இருந்ததெல்லாம் பொத்தான் போன்தான். முகம் வர வேண்டுமென்றால் இணையம் இருந்த கோயில் கூடத்துக் கணினியில்தான் வர வேண்டும். கேமரா ஒன்றை மெரிபா முன்பே அனுப்பியிருந்தாள், துண்டில் சுற்றி. இல்லாதது அந்த மென்பொருள் மட்டும். அதாவது கடவுச்சொல். அதாவது பனாபா.

லிதாரா பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"டேய் பனாபா, சனிக்கிழமை கூட்டம். அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லு."

"அக்கா, அதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா? வெள்ளிக்கிழமை கப்பல்ல நானே வந்து போட்டுத் தரேன்."

"வருவியா?"

"அக்கா கூப்பிட்டு வராம இருப்பேனா?"

வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவன் வரவில்லை. மதியம் கூப்பிட்டபோது, மேலிடத்தில் அனுமதி கிடைக்கவில்லை, சனிக்கிழமை நேராகக் கூட்டத்துக்கு வந்துவிடுகிறேன், மெரிபா அக்கா மனசு எனக்குத் தெரிந்ததுதானே என்றான்.

லிதாரா போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு நடந்தாள். சினபாதி துடைப்பத்தோடு பின்னாலேயே ஓடினாள், கணினிக்கும் பஸ் கண்ணாடியின் கதி வந்துவிடுமோ என்று.

லிதாரா நாற்காலியில் உட்கார்ந்து, மென்பொருளைப் போடச் சொன்னாள். அது கடவுச்சொல் கேட்டது. பனாபாவின் அம்மா பெயரைத் தட்டினாள். தப்பு. அவன் நாயின் பெயர், அவன் ஆடிய ரக்பி அணி, அவன் செத்த அப்பா. தப்பு, தப்பு, தப்பு.

"மதினி, விடுங்க. மெஷின் கெட்டுடும்."

"கெடட்டும். எவனுக்காக இதைத் துடைச்சு வச்சே? பேரனைப் பார்த்தியாடி நீ, இத்தனை நாள் துடைச்சதுக்கு?"

சினபாதிக்குச் சுருக்கென்றது.

லிதாரா கணினியை அணைத்தாள். பிறகு மறுபடி எழுப்பினாள். முகப்பு வந்தது. கீழே பெரிய பொத்தான், மேலே அந்தக் காலிக் கட்டம். பொத்தானுக்குப் போன அம்புக்குறி பாதி வழியில் நின்றது.

"தூணாம் தூணு," என்றாள். கட்டத்துக்குள் போய் ஒரு வசவைத் தட்டினாள். பனாபாவையும் பன்றியையும், பன்றியின் பின்பக்கத்தையும் சேர்த்த வசவு. எங்கள் பாஷையில் அதை எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

"ஐயோ மதினி, கோயில் கூடம்."

"கர்த்தருக்கும் தெரியட்டும்."

கணினி கோபித்துக்கொள்ளவில்லை. அதையே இன்னொரு தடவை தட்டச் சொன்னது. "காது கேட்கலையா உனக்கு?" என்று லிதாரா அதையே திரும்பத் தட்டினாள், முன்னைவிட ஓங்கி. கட்டத்தின் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழுந்தது.

இரண்டு பேரும் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய பொத்தானை அமுக்கி உள்ளே போய், மென்பொருளைப் போடச் சொன்னார்கள். கடவுச்சொல் கேட்டது. லிதாராவின் விரல்கள் தாமாகவே அந்த வசவைத் தட்டின. திரையில் ஒரு பட்டை மெல்ல நீண்டுகொண்டே போனது.

"அப்போ இதுதான் அவனோட பாஸ்வேர்டா?" என்றாள் சினபாதி. "தன்னையேவா இப்படித் திட்டி வச்சிருந்தான்?"

"இல்லடி," என்றாள் லிதாரா. குரல் மிகவும் தணிந்திருந்தது. சினபாதிக்கு அதுதான் பயமாக இருந்தது. "அவன்கிட்ட ஒண்ணுமே கிடையாது. ஒருநாளும் இருந்ததில்ல. எழுப்புறவங்க எதைப் போடுறாங்களோ அதுதான் அன்னிக்குப் பாஸ்வேர்டு. நீ போட்டிருக்கலாம். போதகரம்மா போட்டிருக்கலாம். நாம மரியாதையா விட்டு வச்ச இடத்துல அவன் காலை நீட்டிப் படுத்திருக்கான்."

சினபாதி இருபத்தைந்து வருஷம் லிதாராவின் கோபத்தைப் பார்த்தவள். அன்றுதான் தன்னுடையதையும் பார்த்தாள். கையிலிருந்த துடைப்பத்தை முழங்காலில் வைத்து முறித்தாள். பனாபாவின் தட்டில் போய் விழுந்த மீன்கள் ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவு வந்தன.

சாயங்காலத்துக்குள் மென்பொருள் தயாராகிவிட்டது. மெரிபாவின் முகம் வந்தது, வேலைச் சீருடையோடு. மூவரும் அழுது முடித்தார்கள். மறுநாள் கூட்டத்துக்கு நேரம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கூடத்தைப் பூட்ட வந்த போதகரம்மா, மின்சாரம் வீணாகிறதே என்று கணினியை அணைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை ஃபௌலாவைக் கைபிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாயிற்று. கூடத்தில் பாய் விரித்து, தூணுக்கொருவராகப் பெரியவர்கள் சாய்ந்திருந்தார்கள். யாகோபோ ஓரத்தில் தலை குனிந்திருந்தான். பனாபா இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு வந்து சேர்ந்தான். லிதாரா கணினியை எழுப்பினாள். மென்பொருளைக் காணவில்லை. போட்ட சுவடே இல்லை.

பனாபா சிரித்தான். "பார்த்தீங்களா பெரியப்பா? குடுக்காத இடத்துல கையை வச்சா அது தங்காது."

பெரியவர்கள் சிலர் தலையாட்டினார்கள். பட்டமே தானாகப் போய்விட்டது போலிருந்தது அந்தத் தலையாட்டு. பேசக்கூடாத இடம் என்று தெரிந்தும் சினபாதி பேசினாள்.

"மதினி, இது அணைச்சா எல்லாத்தையும் மறந்துரும்ல. நேத்துப் போட்டதையும்தான் மறந்திருக்கும். திருப்பிப் போடுங்க."

"இந்த வீட்டு மருமகள் கூட்டத்துல பேசுறாளா?" என்றான் பனாபா.

"என் தம்பி பொண்டாட்டி பேசுவா," என்றாள் லிதாரா. "நீ பேசாம இரு."

மறுபடி அணைத்து எழுப்பி, எல்லாரும் பார்க்கக் கட்டத்தில் தட்டினாள். பச்சைக் குறி விழுந்தது. உள்ளே போய் மென்பொருளைப் போட்டாள். பட்டை நகர்ந்துகொண்டிருந்தபோது பனாபா எழுந்து நின்றான்.

"இது திருட்டு. பாஸ்வேர்டு என் பொறுப்புல இருக்கு. திருட்டு வழியா வர்ற முகத்தை இந்தக் கூட்டம் கணக்குல எடுக்கக்கூடாது."

"வாடா," என்றாள் லிதாரா. கடவுச்சொல் கட்டத்தை மறுபடி வரவழைத்து, நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "இத்தனை வருஷம் காத்து வச்சியே, அதைத் தட்டு. இங்கயே. தொறந்துச்சுன்னா யாகோபோ பேரை நானே எடுத்துடறேன்."

பனாபா ஒரு போனை எடுத்துப் பார்த்தான்.

"தட்டுப்பா," என்றார் ஃபௌலா.

பனாபா உட்கார்ந்து எதையோ தட்டினான். தப்பு என்றது. வேறொன்றைத் தட்டினான். தப்பு. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "அக்கா மாத்திட்டாங்க," என்றான்.

"ஆமா, மாத்திட்டேன். யார் வேணா மாத்தலாங்கறதை நீ மறைச்சே. அதுக்குப் பேரு பொறுப்பா?"

ஃபௌலா கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "நீ தட்டின வார்த்தை என்னம்மா?"

லிதாரா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்த தம்பி இருக்கும் இடத்தில் அக்காள் அப்படி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவன் கேட்கவும் கூடாது. கேட்டால் இரண்டு பேருக்கும் முகமில்லை. சொல்லாவிட்டாலோ, எதையோ மறைக்கிறாள் என்று ஆகிவிடும்.

யாகோபோ தலையைத் தூக்கி அக்காளைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, குனிந்தபடி பெரியவர்களைத் தாண்டி, கூடத்தை விட்டு வெளியே நடந்தான். சீமைப்பலா மரம்வரை போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவனுடைய பட்டம் பேசப்படும் கூட்டத்தில் அவனே இல்லை.

லிதாரா சொன்னாள். ஒவ்வொரு எழுத்தும் விழுகிற மாதிரி, தெளிவாக.

பெரியவர் ஒருவர் விசிறியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். விசிறி ஆடிக்கொண்டே இருந்தது. ஃபௌலாவின் முகம் மட்டும் மாறவில்லை.

"நீளமா இருக்கு," என்றார். "சரி, அதைப் போட்டுத் தொற."

மெரிபாவின் முகம் வந்தது. ஃபௌலாவை நகர்த்தித் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் வரை போய்ப் பார்த்தார்.

"நீ யாரு மக?"

"உங்க தம்பி மக, பெரியப்பா. பனாபாகிட்ட நான் அழவும் இல்ல, பேசவும் இல்ல. அப்பாவுக்குக் கடைசியில மலம் அள்ளினது யாகோபோ. பட்டம் அவனுக்கு. அவன் எங்கே? ஏன் அங்கே இல்ல?"

"உங்கக்கா வாயால வெளிய போனான்," என்றார் ஃபௌலா.

பட்டம் யாகோபோவுக்கே ஆனது. பனாபா நீதிமன்றம் போனான், தோற்றான். போன செலவில் அவன் அம்மா நகை போல வைத்திருந்த நல்ல பாய்கள் எல்லாம் போயின. கடைசியில் அந்த அம்மாள் மிஞ்சியிருந்த ஒரே பாயைத் தன் தலைமேல் போர்த்திக்கொண்டு, விடியற்காலையில் லிதாரா வீட்டு வாசலில் வந்து மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டாள். மன்னிப்பதானால் பாயை விலக்கி எழுப்பிவிட வேண்டும், அது முறை. லிதாரா விலக்கினாள், உள்ளே அழைத்துக் கொக்கோ காய்ச்சிக் கொடுத்தாள்.

"உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல சித்தி. அவனை மட்டும் வரச் சொல்லாதே. பட்டத்துக்கு ஆசைப்பட்டான், அது எவனுக்கும் வரும். ஆனா சினபாதி பேரன் நடக்கப் பழகினதை அவ பார்க்கல. அதை எந்தப் பாயைப் போட்டு மூடுவே?"

பனாபா வரவில்லை. இரண்டு பேரும் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பனாபா இறந்தபோது சாவு வீட்டுக்குச் சினபாதி போனாள். லிதாரா போகவில்லை, கேட்டவர்களிடம் சாக்கும் சொல்லவில்லை.

மெரிபாவின் காகிதங்கள் கடைசியில் வந்து சேர்ந்தன. அவள் லிதாராவை அழைத்துக்கொண்டாள். லிதாரா இப்போது ஆக்லாந்தில், மாங்கேரே பக்கம், மெரிபா வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். முழங்கால் வலியால் அதிகம் நடப்பதில்லை.